டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் நடுவில் இருக்கும் கரண்டி

ஆங்கிலச் சமையல் புத்தகம் ஒன்றிலிருந்து கேக் செய்முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர், 'டெசர்ட்ஸ்பூன்' என்ற அளவைக் கண்டு நின்றுவிட்டார். அவருடைய கேள்விகள் மூன்று. அது எவ்வளவு? அதை அரை டேபிள்ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாமா? தமிழில் எப்படிக் குறிப்பது?

அவசரக்காரர்களுக்கு முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய பிரிட்டிஷ் வழக்கில் ஒரு டெசர்ட்ஸ்பூன் என்பது 10 மில்லிலிட்டர். 5 மில்லிலிட்டர் அளவுக் கரண்டியால், தலைதட்டி, இரண்டு டீஸ்பூன் எடுத்தால் சரியாக வரும். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருந்தால் இதோடு நிறுத்திக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் இரண்டாவது கேள்வி அவ்வளவு எளிதல்ல. அரை டேபிள்ஸ்பூன் என்பது 1861-ஆம் ஆண்டு லண்டனில் முற்றிலும் சரி. இன்றைய லண்டனில் தவறு. இன்றைய சிட்னியில் மறுபடியும் சரி. பெயர் ஒன்றுதான்; அது குறிக்கும் அளவும் அதன் பக்கத்துக் கரண்டிகளின் அளவும் காலத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறிவிட்டன. அந்தக் கதை தெரிந்தால், எந்தப் புத்தகத்தில் இந்தச் சொல் வந்தாலும் தடுமாற்றம் இல்லாமல் அளக்கலாம்.

பெயரைப் பார்த்துவிட்டு, இது இனிப்புப் பண்டங்களுக்கு மட்டுமே உரிய அளவு என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. வினிகர், கடுகு விழுது, சோள மாவு என்று எதையும் டெசர்ட்ஸ்பூனால் அளக்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். பிரிட்டிஷ் வீட்டுச் சமையலறையின் இழுப்பறையைத் திறந்தால் மூன்று அளவில் கரண்டிகள் கிடக்கும். தேநீரைக் கலக்கும் சின்னக் கரண்டி ஒன்று. பாத்திரத்திலிருந்து தட்டுக்குப் பரிமாறும் பெரிய கரண்டி ஒன்று. அவர்கள் வழக்கில் டேபிள்ஸ்பூன் என்பது அதுதான். இந்த இரண்டுக்கும் நடுவே, கையில் எடுத்து வாயில் வைத்துச் சாப்பிடும் கரண்டி மூன்றாவது. காலையில் பாலில் நனைத்த தானியத்தையும் இரவில் புட்டிங்கையும் இதனால்தான் சாப்பிடுகிறார்கள். சில வீடுகளில் சூப்புக்கும் இதுவே. முறைப்படி அடுக்கிய விருந்து மேசையில் தட்டுக்கு மேலே, குறுக்குவாட்டில், ஒரு சிறு முள்கரண்டிக்குத் துணையாக இது படுத்திருக்கும்.

'டெசர்ட்' என்ற சொல் பிரெஞ்சு மொழியில் மேசையைத் துப்புரவாக எடுத்துவைப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. சாப்பாட்டுப் பாத்திரங்களை எல்லாம் அகற்றிய பிறகு வரும் பழமும் இனிப்பும் அந்தப் பெயரைப் பெற்றன. அதற்கென்று தனியாகக் கரண்டி செய்யும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வசதியான வீடுகளில் பரவியது. ஒரு வீட்டில் எல்லாரிடமும் இருக்கும் பொருள் அளவுகோலாக மாறுவது இயல்புதான். எனவே சமையல் குறிப்பு எழுதுகிறவர் 'ஒரு டெசர்ட்ஸ்பூன்' என்றபோது படிப்பவர் யோசிக்கவே இல்லை; கையில் இருந்த கரண்டியை எடுத்துக்கொண்டார்.

இங்கேதான் மருந்துக்கடைக்காரர் உள்ளே வருகிறார். சமையல்காரர்களைவிட அவருக்குத்தான் கரண்டியைப் பற்றிக் கவலை அதிகம். அளவுக் குவளை இல்லாத நோயாளியிடம் 'இவ்வளவு குடியுங்கள்' என்று சொல்ல, வீட்டுக் கரண்டியைத் தவிர வேறு வழி இல்லை. அதனால் ஆங்கில மருந்தியலில் கரண்டிகளுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. திரவ அவுன்ஸ் ஒன்றை எட்டாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு திரவ டிராம். ஒரு டீஸ்பூன் ஒரு டிராம். ஒரு டெசர்ட்ஸ்பூன் இரண்டு டிராம். ஒரு டேபிள்ஸ்பூன் நான்கு டிராம், அதாவது அரை அவுன்ஸ். ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. மருந்துச் சீட்டில் இவற்றை லத்தீனில் சிறிய கரண்டி, நடுத்தரக் கரண்டி, பெரிய கரண்டி என்று எழுதினார்கள். அந்த லத்தீன் சொல்லான 'கோக்லியாரே' நத்தையின் பெயரிலிருந்து பிறந்தது. ரோமானியர்கள் நத்தையை ஓட்டிலிருந்து எடுத்துத் தின்னப் பயன்படுத்திய கூர்முனைக் கரண்டிக்கு அந்தப் பெயர். நத்தை தின்ற கரண்டி இருமல் மருந்தை அளக்க வந்து சேர்ந்தது மொழியின் விளையாட்டு.

மில்லிலிட்டரில் சொன்னால், பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.4. அதன்படி பழைய டீஸ்பூன் 3.55, டெசர்ட்ஸ்பூன் 7.1, டேபிள்ஸ்பூன் 14.2. அமெரிக்க அவுன்ஸ் சற்றே பெரியது என்பதால் அங்கே 3.7, 7.4, 14.8.

சமையல் புத்தகங்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றின. 1861-இல் நூலாக வெளிவந்த இசபெல்லா பீட்டனின் இல்லற நிர்வாக நூலில் இதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. டேபிள்ஸ்பூன் என்பது அரை அவுன்ஸ் தண்ணீரின் அளவு, டெசர்ட்ஸ்பூன் அதில் பாதி, டீஸ்பூன் ஒரு டிராம் என்று அவர் விளக்கியிருக்கிறார். விக்டோரியா காலத்து ஆங்கில வீடுகளில் பெரிதும் புழங்கிய புத்தகம் அது. ஆகவே அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றில் 'டெசர்ட்ஸ்பூன்' வந்தால், அது டேபிள்ஸ்பூனில் சரிபாதி என்று தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

பிறகு குழப்பம் எங்கிருந்து வந்தது? தேநீரிலிருந்து.

17-ஆம் நூற்றாண்டின் நடுவில் தேயிலை இங்கிலாந்துக்கு வந்தபோது அது பெரும் பணக்காரர்களின் பண்டம். கோப்பைகள் சின்னவை, அவற்றில் நுழையும் கரண்டியும் சின்னது. 1784-இல் பிரிட்டிஷ் அரசு தேயிலைமேல் இருந்த வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக ஒரேயடியாகக் குறைத்தது. கள்ளக்கடத்தலை ஒழிக்கத்தான் அந்தச் சட்டம். ஆனால் விலை இறங்கியதும் குடிப்பவர்கள் பெருகினார்கள், கோப்பைகள் பெருத்தன, கோப்பையோடு கரண்டியும் பெருத்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, சமையலறையில் டேபிள்ஸ்பூனுக்கு மூன்று டீஸ்பூன் என்ற கணக்கு புழங்கத் தொடங்கிவிட்டது. மருந்துக்கடையிலோ நான்கு என்ற பழைய கணக்கே நீடித்தது. ஒரே பெயரில் இரண்டு அளவு, ஒரே வீட்டில்.

20-ஆம் நூற்றாண்டில் மெட்ரிக் முறை வந்து அளவுகளை முழு எண்ணாக்கியபோது டீஸ்பூன் 5 மில்லிலிட்டர் ஆயிற்று, டேபிள்ஸ்பூன் 15 ஆயிற்று. இதைப் பழைய எண்களோடு ஒப்பிட்டால் ஒன்று புலப்படும். டேபிள்ஸ்பூன் 14.2-இலிருந்து 15-க்கு வந்திருக்கிறது. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. டீஸ்பூனோ 3.55-இலிருந்து 5 ஆகி, ஏறத்தாழ நாற்பது சதவீதம் வளர்ந்துவிட்டது. டெசர்ட்ஸ்பூன் இரண்டு டீஸ்பூன் என்ற உறவை விடாமல் பிடித்துக்கொண்டதால் அதுவும் 7.1-இலிருந்து 10-க்கு ஏறியது. விளைவாக 1, 2, 4 என்று இருந்த வரிசை 1, 2, 3 என்று ஆகிவிட்டது. முன்பு டேபிள்ஸ்பூனில் பாதியாக இருந்த டெசர்ட்ஸ்பூன் இன்று அதில் மூன்றில் இரண்டு பங்கு. இதைக் கவனிக்காதவர்கள்தான் இன்றைக்கும் 'அரை டேபிள்ஸ்பூன்' என்று எழுதிவைக்கிறார்கள். அது 7.5 மில்லிலிட்டர், வேண்டியதில் கால் பங்கு குறையும்.

ஆஸ்திரேலியாவின் நிலை வேறு. அங்கே டேபிள்ஸ்பூன் 20 மில்லிலிட்டர், நான்கு டீஸ்பூன். ஆக 5, 10, 20 என்று அந்த நாட்டில் மட்டும் பழைய இரட்டிப்பு வரிசை மெட்ரிக் உடுப்பில் உயிரோடு இருக்கிறது. டெசர்ட்ஸ்பூன் அங்கும் 10 மில்லிலிட்டர்தான். ஆனால் அவர்களுடைய டேபிள்ஸ்பூனில் சரிபாதி. பக்கத்து நாடான நியூசிலாந்தில் டேபிள்ஸ்பூன் 15. எனவே ஒரு புத்தகம் ஆஸ்திரேலியாவில் அச்சானதா என்று பார்ப்பது வெறும் ஆர்வத்துக்கான வேலை அல்ல. டெசர்ட்ஸ்பூனைப் பொறுத்தவரை ஆபத்தில்லை, அது எங்கும் 10. டேபிள்ஸ்பூன்தான் நம்மைக் கவிழ்க்கும்.

அமெரிக்கர்களுக்கு இந்தச் சொல்லே அந்நியம். அவர்கள் விற்கும் அளவுக் கரண்டிக் கொத்தில் டேபிள்ஸ்பூன், டீஸ்பூன், அரை, கால் என்றுதான் இருக்கும். நடுவில் இருப்பது காணாமல் போயிற்று. முன்பு அங்கும் இருந்ததுதான். மருந்தியல் பாடநூல்களில் இரண்டு டிராம் அளவைக் குறிக்க அது நெடுங்காலம் நீடித்தது. சமையலில் அது மறைந்ததற்கு, அளவுக் கரண்டிகளை உணவு மேசையிலிருந்து பிரித்துத் தனிக் கருவியாக ஆக்கிய போக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பாஸ்டனில் சமையல் பள்ளியை நடத்திய ஃபேனி ஃபார்மர் 1896-இல் வெளியிட்ட புத்தகத்தில், எல்லாவற்றையும் தலைதட்டித்தான் அளக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அமெரிக்கச் சமையல் அதைப் பிடித்துக்கொண்டது. அளக்கும் கரண்டி வேறு, சாப்பிடும் கரண்டி வேறு என்று ஆன பிறகு, சாப்பிடும் கரண்டியின் பெயருக்கு அளவுகளில் இடமில்லை. பிரிட்டிஷ் வீடுகளில் அந்தப் பிரிவினை தாமதமாகவே வந்தது. அதனால் சொல்லும் தப்பியது.

மற்ற மொழிகளிலும் இந்த நடுக்கரண்டி சில இடங்களில் உண்டு, சில இடங்களில் இல்லை. பிரெஞ்சுச் சமையலில் காப்பிக் கரண்டி 5, டெசர்ட் கரண்டி 10, சூப் கரண்டி 15 மில்லிலிட்டர். சுவீடனில் 1, 5, 15 என்று மூன்று அளவுகள், 10 கிடையாது. ஜப்பானில் சின்னக் கரண்டி 5, பெரிய கரண்டி 15, அவ்வளவுதான்.

இணையத்தில் உள்ள அளவு மாற்றிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் டெசர்ட்ஸ்பூன் என்று தட்டினால் சில 11.84 மில்லிலிட்டர் என்று காட்டும். டேபிள்ஸ்பூனை ஓர் அவுன்ஸில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 17.76 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டு, அதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் வருவது அந்த எண். அமெரிக்க அளவைத் தேர்ந்தெடுத்தால் 9.86 வரும். புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் இருப்பதால் அது துல்லியம் என்று மயங்க வேண்டாம். ஒரு கரண்டி மாவைத் தலைதட்டும்போது கத்தி ஒரு நூல் சாய்ந்தாலே அந்த இரண்டு இலக்கமும் காற்றோடு போய்விடும். சமையலுக்கு 10 என்பது போதும்.

உண்மையான வேறுபாடு தசமத்தில் இல்லை, குவிப்பதில் இருக்கிறது. பழைய ஆங்கிலக் குறிப்புகளில் உலர்ந்த பொருளை 'ஒரு கரண்டி' என்றால், பல சமயம் விளிம்புக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே விளிம்புக்கு மேலேயும் இருக்க வேண்டும் என்று பொருள். இப்படி உருட்டாக எடுத்த ஒரு டீஸ்பூன், தலைதட்டிய ஒரு டெசர்ட்ஸ்பூனுக்குச் சமம். அதற்கும் மேலே, கோபுரமாகக் குவித்து எடுப்பது இன்னொரு வகை. புத்தகம் எதைச் சொல்கிறது என்பதை அதன் முன்னுரையிலோ அளவுப் பட்டியலிலோ தேடிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நல்ல புத்தகங்கள் சொல்லியிருக்கும். நாம்தான் முன்னுரையைத் தாண்டிச் செய்முறைக்கு ஓடிவிடுகிறோம்.

குவிப்பதில் கரண்டியின் வடிவமும் பொருளின் குணமும் சேர்ந்துகொள்கின்றன. சாப்பிடும் கரண்டி அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்கும். வாயில் வைக்க அதுதான் வசதி. அளவுக் கரண்டியோ பாதிப் பந்துபோல ஆழமானது. இரண்டும் 10 மில்லிலிட்டர் தண்ணீர் பிடித்தாலும், அகலமான வாயின்மேல் குவியும் மாவு அதிகம். மாவின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் செங்குத்தான குன்றாக நிற்கும். சர்க்கரை சரிந்து ஓடிவிடும். ஆகவே குவித்த ஒரு டெசர்ட்ஸ்பூன் மாவு தலைதட்டியதைப்போல இரண்டரை மடங்கு வந்தாலும் வியப்பில்லை. சர்க்கரையில் அவ்வளவு வராது. தேன், எண்ணெய் போன்றவற்றுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை. தேன் மட்டும் கரண்டியில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். கரண்டியில் முதலில் எண்ணெயைத் தடவிக்கொண்டால் வழுக்கிக்கொண்டு விழும்.

நம் கையில் இருக்கும் சாப்பாட்டுக் கரண்டி எவ்வளவு பிடிக்கும்? இதை ஊகிக்கவே கூடாது. 2010-இல் கிரேக்க நாட்டு ஆய்வாளர்கள் வீடுகளில் இருந்த கரண்டிகளைச் சேகரித்து அளந்து பார்த்தார்கள். டீஸ்பூன்கள் 2.5 மில்லிலிட்டரிலிருந்து 7.3 வரை இருந்தன. டேபிள்ஸ்பூன்கள் என்று கொடுக்கப்பட்டவை 6.7-இலிருந்து 13.4 வரை. இரண்டாவது வரிசையை மறுபடியும் பாருங்கள்: ஒன்றுகூட 15-ஐத் தொடவில்லை. மேசையில் சாப்பிடுவதற்காக வைக்கும் கரண்டியைத்தான் மக்கள் டேபிள்ஸ்பூன் என்று நினைக்கிறார்கள். அளவில் அது டெசர்ட்ஸ்பூன் வட்டாரத்தைச் சேர்ந்தது. பெயரே தெரியாமல் உலகெங்கும் பல வீடுகளில் டெசர்ட்ஸ்பூன் புழங்கிக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். செய்முறையில் 'ஒரு டேபிள்ஸ்பூன்' என்று இருப்பதைச் சாப்பிடும் கரண்டியால் அளந்துவிட்டு, 'ஏன் சுவை குறைகிறது?' என்று கேட்பவர்களுக்கும் இதுவே விடை.

சோதித்துப் பார்ப்பது எளிது. சமையலறைத் தராசின்மேல் ஒரு கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, கரண்டியால் பத்து முறை தண்ணீர் ஊற்றுங்கள். 100 கிராம் காட்டினால் உங்கள் கரண்டி சரியான டெசர்ட்ஸ்பூன். 70 காட்டினால் அது 7 மில்லிலிட்டர் கரண்டி. ஒரே ஒரு கரண்டியை நிறுத்துப் பார்ப்பதில் பயனில்லை; வீட்டுத் தராசு ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது, கை நடுக்கமும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, தண்ணீர் விளிம்புக்கு மேலே சற்றுப் புடைத்து நிற்கும் தன்மை உடையது. அந்தப் புடைப்பு வருமுன் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கரண்டி உண்மையைவிடப் பெரியதாகத் தெரியும்.

தராசு இருக்கும்போது கரண்டி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மாவுக்கும் சர்க்கரைக்கும் நான் தராசின் பக்கம்தான். கிராமில் வேண்டுமென்றால், தலைதட்டிய 10 மில்லிலிட்டர் டெசர்ட்ஸ்பூன் ஒன்றில் தூள் உப்பு ஏறத்தாழ 12 கிராம், சர்க்கரை 8, கோதுமை மாவு 5 முதல் 6, எண்ணெய் 9, தேன் 14 கிராம் இருக்கும். கல்லுப்பு என்றால் இடைவெளி அதிகம் என்பதால் 12-க்குக் குறையும். பரலின் அளவைப் பொறுத்து நிறையவே குறையலாம்.

எங்கே இந்தத் துல்லியம் தேவை, எங்கே தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். காய்கறிக் கலவைமேல் ஊற்றும் எண்ணெய், வினிகர் சாறில் ஒரு டெசர்ட்ஸ்பூனை ஒரு டேபிள்ஸ்பூனாக எடுத்துவிட்டால் வானம் இடிந்து விழாது; நாக்கு சொல்லும், சரிசெய்துகொள்ளலாம். சோள மாவைக் கூடுதலாகப் போட்டுக் குழம்பு இறுகிவிட்டால் பாலோ தண்ணீரோ சேர்த்து இளக்கிவிடலாம். உப்பு அப்படியல்ல: 12 கிராமுக்குப் பதில் 18 கிராம் விழுந்த பிறகு திரும்பி எடுக்க வழியில்லை. பேக்கிங் பவுடர், சமையல் சோடா இரண்டிலும் இன்னும் கவனம் வேண்டும். பேக்கிங் பவுடர் ஒன்றரை மடங்கானால் கேக் வேகமாக மேலெழும்பி, உள்ளே அமைப்பு இறுகுமுன் நடுவில் அமிழ்ந்துவிடும். சோடா கூடினால் சோப்புச் சுவையும் கறுத்த நிறமும் வரும். பாதியாகக் குறைந்தால் கேக் செங்கல்லாகும். கேள்வி கேட்டவர் எழுதுவது கேக் செய்முறை என்பதால், டெசர்ட்ஸ்பூன் எந்தப் பொருளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அவர் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து, புத்தகத்தின் வயது. கிராமும் மில்லிலிட்டரும் எங்காவது அச்சிடப்பட்டிருந்தால் டெசர்ட்ஸ்பூன் 10 மில்லிலிட்டர், விவாதமே இல்லை. பிரிட்டிஷ் சமையல் புத்தகங்களில் 1970-களிலிருந்து மெட்ரிக் அளவுகளைப் பரவலாகக் காணலாம். 19-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் என்றால் 7 மில்லிலிட்டர். இன்றைய கரண்டியில் சொன்னால் ஒன்றரை டீஸ்பூன், அல்லது 15 மில்லிலிட்டர் டேபிள்ஸ்பூனில் பாதி. அந்தப் புத்தகத்தின் டீஸ்பூனும் சின்னது என்பதை மறந்துவிடக் கூடாது. அதற்கு நம்முடைய முக்கால் டீஸ்பூன்கூட முழுதாகத் தேவைப்படாது. டெசர்ட்ஸ்பூனை மட்டும் திருத்திவிட்டு டீஸ்பூனை அப்படியே விட்டால் பொருள்களின் விகிதம் கெட்டுப்போகும். இடைப்பட்ட காலத்துப் புத்தகம் கையில் இருந்தால், அதன் அளவுப் பட்டியலில் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு எத்தனை டீஸ்பூன் என்று போட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். நான்கு என்றால் பழைய வரிசை. மூன்று என்றால் புதிய வரிசை. பட்டியலும் இல்லை என்றால், உப்புக்கும் சோடாவுக்கும் குறைந்த அளவை எடுத்துக்கொள்வேன், மற்றவற்றுக்கு 10.

இதே குடும்பத்தில் இன்னும் சில அரிய பெயர்கள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் புத்தகங்களில் 'சால்ட்ஸ்பூன்' என்று வரும். உப்புக் கிண்ணத்தில் போட்டுவைக்கும் மிகச் சின்னக் கரண்டி அது. நான்கு சேர்ந்தால் ஒரு டீஸ்பூன். காப்பிக் கரண்டி என்று ஆங்கிலப் புத்தகம் சொன்னால் அரை டீஸ்பூன். பிரெஞ்சுப் புத்தகம் சொன்னால் முழு டீஸ்பூன். 'டேஷ்', 'பிஞ்ச்', 'ஸ்மிட்ஜன்' என்ற சிட்டிகை அளவுகளுக்கும் இப்போது அமெரிக்காவில் கரண்டி செய்து விற்கிறார்கள்: முறையே டீஸ்பூனில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, முப்பத்திரண்டில் ஒன்று. விரல் நுனியால் எடுப்பதற்குக் கரண்டி செய்தவர்களின் பொறுமையைப் பாராட்டலாம். வாங்கவேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு எதையும் பயன்படுத்த வேண்டாம். பழைய மருந்துப் புட்டியில் டெசர்ட்ஸ்பூன் என்று இருந்தது என்பதற்காக இன்று சமையலறைக் கரண்டியை எடுக்கக் கூடாது. மேலே சொன்ன கிரேக்க ஆய்வும் மருந்தின் பொருட்டுச் செய்யப்பட்டதுதான், குழந்தைக்கு 2.5-க்கும் 7.3-க்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. புட்டியோடு வரும் மில்லிலிட்டர் மூடி அல்லது ஊசியில்லாத பீச்சுக்குழலே சரியான கருவி. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் 2015-இல் இதையே பரிந்துரைத்தது.

கடைசியாகத் தமிழில் எழுதுவது. இங்கே ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தொல்லை நமக்கு இருக்கிறது. ஆங்கிலப் புத்தகங்கள் டீஸ்பூனையும் டெசர்ட்ஸ்பூனையும் மும்மூன்று எழுத்தாகச் சுருக்கும். முதல் எழுத்து மட்டும் வேறு. தமிழில் அந்த இரண்டு முதலெழுத்துகளுக்கும் 'டி' ஒன்றுதான். ஆகவே சுருக்கத்தை அப்படியே ஒலிபெயர்த்தால் இரண்டுமே டி.எஸ்.பி. ஆகிவிடும். 5 மில்லிலிட்டரா 10 மில்லிலிட்டரா என்று படிப்பவருக்குத் தெரியாது. போதாக்குறைக்கு ஒரு காவல்துறை அதிகாரியும் நினைவுக்கு வருவார். அமெரிக்கப் புத்தகங்கள் இன்னொரு வம்பு செய்கின்றன: ஒரே எழுத்தைப் பெரியதாக எழுதினால் டேபிள்ஸ்பூன், சிறியதாக எழுதினால் டீஸ்பூன். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் இதைக் கொண்டுவர வழியில்லை.

எனவே சுருக்கங்களை விட்டுவிட்டுப் பெயரை முழுதாக எழுதுங்கள். டெசர்ட்ஸ்பூன் என்று மட்டும் எழுதினால் பெரும்பாலான தமிழ் வாசகர்களிடம் அந்தப் பெயரில் கரண்டி இருக்காது. 'இரண்டு டீஸ்பூன் (10 மி.லி.), தலைதட்டி' என்று செய்முறையில் போட்டுவிடலாம். மூல அளவைக் காட்ட விரும்பினால் அடிக்குறிப்பில் ஒருமுறை சொன்னால் போதும். ஒன்றரை டெசர்ட்ஸ்பூன் என்று வந்தால் மூன்று டீஸ்பூன் என்று எழுதலாம், அல்லது 15 மில்லிலிட்டர் டேபிள்ஸ்பூன் ஒன்று என்றும் எழுதலாம். உங்கள் வாசகர்களில் ஆஸ்திரேலியாவில் கரண்டி வாங்கியவர்களும் இருந்தால் முதலாவதுதான் பாதுகாப்பு.